கண் சிவப்பதெல்லாம் கண்நோய் அல்ல

எமது வீடுகளில் ஒருவருக்குக் கண் சிவந்தால் முதலில் வருகிற பேச்சு ஒன்றுதான்: "கண்நோய் வந்திட்டுது, பிள்ளையளுக்குக் கிட்டப் போகாதே." அடுத்ததாக, ஊருக்குப் போய்வந்தபோது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த கண்மருந்துப் போத்தல் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலிருந்து வெளியே வரும். தாய்ப்பால் இரண்டு துளி விட்டால் போதும் என்பார் ஒருவர். நந்தியாவட்டைப் பூவை நினைவுபடுத்தும் அம்மம்மா ஒருவரும் இருப்பார். நாலைந்து நாளில் சிவப்பு மாறிவிடும். எல்லோரும் மறந்துவிடுவோம்.

பெரும்பாலும் இதனால் பெரிய தீங்கு வருவதில்லை. சாதாரண கண்நோய் கண்ணின் மேற்றோலில் வரும் ஒரு தொற்று. வந்த வழியே போய்விடும். ஆனால் வெளியிலிருந்து பார்க்க இதைப் போலவே தோன்றி, கண்ணின் உள்ளே நடக்கின்ற இன்னொரு நோய் உண்டு. அது தொற்றாது. ஒருமுறை வந்தால் திரும்பத் திரும்ப வரக்கூடியது. கவனிக்காமல் விட்டால் பார்வையைப் பறிக்கும். அதன் வேர்களில் ஒன்று பெற்றோரிடமிருந்து நாம் பெற்றுக்கொண்ட மரபணுக்களில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'யுவியைற்றிஸ்' என்றும் பிரெஞ்சில் 'யுவேயிற்' என்றும் சொல்லப்படும் இந்தக் கண் உள்ளழற்சியைப் பற்றியே இம்முறை நலவாழ்வுப் பக்கத்தில் எழுதுகிறோம்.

கண்ணுக்குள் எந்த இடம்?

கண்ணை ஒரு திராட்சைப் பழமாக எண்ணிக்கொள்ளலாம். வெளியே வெள்ளையான உறுதியான சுவர். அதற்கு உட்புறமாக, நிறமும் இரத்தக் குழாய்களும் நிறைந்த ஒரு படை இருக்கிறது. தோலுரித்த திராட்சையைப் போலத் தோன்றியதால் அக்கால வைத்தியர்கள் அதற்கு 'யுவியா' என்று பெயரிட்டனர். இலத்தீன் மொழியில் 'யுவா' என்றால் திராட்சை. கண்மணியைச் சுற்றி நாம் காணும் நிறமுள்ள வளையமான கதிராளி இந்தப் படையின் முன்பகுதி. பின்பகுதி விழித்திரைக்கு அடியில் விரிந்து, அதற்கு இரத்தத்தை ஊட்டுகிறது.

இந்தப் படை வீங்கிச் சிவப்பதே யுவியைற்றிஸ். முன்பகுதியில் வந்தால் கண் சிவக்கும், நோகும், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசும், பார்வை சற்று மங்கும். பின்பகுதியில் வந்தால் கண் சிவக்காமலும் நோகாமலும் இருக்கலாம். பார்வை மங்குவதும், கண்முன்னே கரும்புள்ளிகள் மிதப்பதும் மட்டுமே அடையாளமாக இருக்கும்.

சாதாரண கண்நோயிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது? கண்நோயில் பீளை வரும், அரிக்கும், பெரும்பாலும் ஒரு கண்ணிலிருந்து மற்றக் கண்ணுக்கும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் பரவும். யுவியைற்றிஸில் பீளை வராது, உள்ளிருந்து ஒரு வலி இருக்கும், வெளிச்சம் தாங்காது. மொன்றியலின் மாசி மாதப் பனிவெளிச்சத்தில் எல்லோருக்கும் கண் கூசும்தானே என்று நாம் தட்டிக்கழித்துவிடக்கூடும். ஆனால் வீட்டுக்குள் ஒரு சாதாரண மின்விளக்கைப் பார்ப்பதே வேதனையாக இருந்தால் அதற்குப் பனி காரணமல்ல.

காவற்காரன் வீட்டுக்காரனையே பிடித்தால்

எமது உடலின் நோயெதிர்ப்புச் சக்தி ஒரு காவற்படை. வெளியிலிருந்து வரும் கிருமியை அடையாளம் கண்டு அழிப்பது அதன் வேலை. யார் வீட்டுக்காரர், யார் அந்நியர் என்று அதற்கு எப்படித் தெரியும்? எமது உடலிலுள்ள கலங்கள் தமக்குள் இருக்கும் புரதங்களின் சிறு துண்டுகளை எடுத்து, தமது மேற்பரப்பில் ஓர் அடையாள அட்டையைப் போலத் தூக்கிக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. காவற் கலங்கள் அவற்றைப் பார்த்துப் பார்த்துக் கடந்து செல்கின்றன. அந்தத் துண்டைத் தூக்கிக் காட்டும் 'கை'களை உருவாக்குகின்ற மரபணுக்களைத்தான் எச்.எல்.ஏ. என்கிறார்கள்.

இந்தத் தொகுதியின் முதல் உறுப்பைப் பாரிசில் ஜோன் டோசே என்ற வைத்தியர் 1958-இல் கண்டறிந்தார். அதற்காக 1980-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சிறுநீரகம் மாற்றும்போது 'பொருத்தம்' பார்க்கிறார்கள் அல்லவா? அங்கே பார்க்கப்படுவது முக்கியமாக இந்த எச்.எல்.ஏ. பொருத்தம்தான்.

ஆளுக்கு ஆள் இந்தக் கைகளின் வடிவம் வேறுபடும். சில வடிவங்கள் சிலவகைத் துண்டுகளை மட்டும் பற்றிப் பிடிக்கும். அதனால் ஒரு கிருமியை ஒருவரின் உடல் விரைவாக அறிந்துகொள்ளும். இன்னொருவரின் உடல் பிந்தி அறியும். அதேபோல, சில வடிவங்கள் எமது சொந்தப் புரதத்தையே அந்நியன் போலத் தோன்றும்படி காட்டிவிடலாம். அப்போது காவற்காரன் வீட்டுக்காரனையே பிடித்து அடிக்கத் தொடங்குகிறான். இதுவே தன்னெதிர்ப்பு நோய். கண் இத்தகைய தாக்குதலுக்கு உள்ளாகும் உறுப்புக்களில் ஒன்று.

பி27 என்ற பெயர்

இந்த நோயில் அடிக்கடி அடிபடும் பெயர் எச்.எல்.ஏ.-பி27. பி27 உள்ளவர்களுக்குத் திடீரென வரும் முன்கண் யுவியைற்றிஸும், முதுகெலும்பை இறுகச்செய்யும் 'ஆங்கிலோசிங் ஸ்பொண்டிலைற்றிஸ்' என்ற மூட்டு நோயும் கூடுதலாக வருகின்றன என்பது 1973-இல் வெளிவந்தது. மேற்கு நாடுகளில் திடீர் முன்கண் அழற்சியுடன் வருபவர்களில் ஏறக்குறைய அரைவாசிப்பேரிடம் பி27 இருக்கிறது. எம்மவரிடையே அது ஐரோப்பியரைவிடக் குறைவு, ஆனால் இல்லாமலில்லை.

இது பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதுக்குள், ஆண்களிடம் சற்றுக் கூடுதலாக, ஒரு நேரத்தில் ஒரு கண்ணில் திடீரென வரும். சில கிழமைகளில் மாறும். பின்னர் மாதங்களோ ஆண்டுகளோ கழித்து அதே கண்ணிலோ மற்றக் கண்ணிலோ திரும்பவும் வரும். ஒவ்வொரு தடவையும் உடனே சிகிச்சை செய்தால் பார்வை பொதுவாகக் காப்பாற்றப்படும். பிந்தினால் கதிராளி பின்னாலுள்ள வில்லையுடன் ஒட்டிக்கொள்ளும், கண்ணமுக்கம் ஏறும், வெண்புரை வளரும்.

இனி, பெற்றோர் கேட்கும் முதற் கேள்விக்கு வருவோம்: "எனக்கு பி27 இருக்கிறது. என் பிள்ளைக்கும் இந்த வருத்தம் வருமா?"

ஒவ்வொரு மரபணுவிலும் எமக்கு இரு பிரதிகள் உண்டு. ஒன்று தாயிடமிருந்தும் மற்றது தகப்பனிடமிருந்தும் வருகின்றன. உங்களிடம் பி27 ஒரு பிரதி இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச்சேரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஆனால் போய்ச்சேர்வது மரபணுவே தவிர நோய் அல்ல. நெதர்லாந்தில் செய்யப்பட்டு 1991-இல் வெளியான ஆய்வின்படி, பொதுமக்களில் பி27 உள்ள 100 பேரில் வாழ்நாளில் ஏறக்குறைய ஒருவருக்கே இந்தக் கண் அழற்சி வந்தது. நோயுள்ளவரின் நெருங்கிய இரத்த உறவினருக்கு வாய்ப்பு இதைவிடக் கூடுதல். அவர்களிலும் பெரும்பாலானோர் நோயின்றியே வாழ்கின்றனர்.

சொந்தத்துக்குள் திருமணம் செய்ததால் வந்ததா என்றும் சிலர் கேட்கக்கூடும். பி27 வேலை செய்வதற்கு ஒரு பிரதியே போதும். மச்சான் மச்சாளை மணந்ததால் மட்டும் இந்த நோய் உண்டாவதில்லை. ஆகவே தாய்வழியையோ தகப்பன்வழியையோ குற்றம் சொல்லிக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

முதுகுவலியைச் சொன்னீர்களா?

அயர்லாந்தின் டப்ளின் நகரில், திடீர் முன்கண் அழற்சியுடன் கண் வைத்தியரிடம் வந்தவர்களைப் பரிசோதித்து 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 100-க்கு ஏறக்குறைய 40 பேருக்கு, அதுவரை எவரும் கண்டுபிடிக்காத முதுகெலும்பு அழற்சி வகை நோய் இருந்தது. வேறு விதமாகச் சொன்னால், அவர்களது மூட்டு நோயைக் கண்தான் காட்டிக்கொடுத்தது.

எமது சமூகத்துக்கு இது மிகவும் பொருந்தும். தொழிற்சாலையிலும் உணவக அடுக்களையிலும் நின்று நின்று வேலை செய்கிற ஒருவருக்கு முதுகு நொந்தால் "வேலைக் களைப்பு" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் வேலையால் வருகிற வலி ஓய்வெடுத்தால் குறையும். அழற்சியால் வருகிற முதுகுவலி அதற்கு எதிர்மாறானது. காலையில் எழும்பும்போது அரை மணித்தியாலத்துக்கு மேலாக முதுகு இறுகியிருக்கும், நடந்து திரிந்தால் இளகும், படுத்தால் கூடும், சிலரை நடு இரவில் எழுப்பிவிடும். நாற்பத்தைந்து வயதுக்கு முன் தொடங்கி மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும். இப்படியொரு முதுகுவலி உங்களுக்கோ, உங்கள் தமையன் தம்பிமாருக்கோ, தகப்பனாருக்கோ இருந்தால் அதைக் கண் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். சொரியாசிஸ் என்ற தோல் நோயும், குடலில் வரும் குரோன் நோயும் இதே வரிசையில் சேர்த்துச் சொல்லவேண்டியவை.

மதுரையிலிருந்து ஒரு செய்தி

தன்னெதிர்ப்பு நோய்க்கும் கண்ணுக்கும் உள்ள தொடர்பைப் பேசும்போது மதுரையை விட்டுவிட முடியாது. வைத்தியர் கோ. வெங்கடசாமி இளவயதில் மகப்பேற்று வைத்தியராக வர விரும்பியவர். முப்பது வயதளவில் றூமற்றொயிட் மூட்டழற்சி அவரது கைவிரல்களை முறுக்கிப்போட்டது. அதுவும் ஒரு தன்னெதிர்ப்பு நோயே. பின்னர் அவர் கண் மருத்துவத்துக்கு மாறி, அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். ஓய்வுபெற்ற பின் 1976-இல் 11 கட்டில்களுடன் அவர் தொடங்கியதே மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. 2006-இல் அவர் காலமானார்.

இன்று அந்த மருத்துவமனையின் யுவியைற்றிஸ் பிரிவு உலகறிந்தது. அங்கு பணியாற்றிய வைத்தியர் எஸ். ஆர். ரத்தினம், ஜெனீவா ஆய்வாளர்களுடன் சேர்ந்து 'வோக்ட்-கொயனகி-ஹராடா' என்ற நோயுள்ள இந்தியர்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டார். எம்போன்ற நிறமுள்ள தோலினரிடையே கூடுதலாகக் காணப்படும் நோய் என்பதால் இதன் பெயரை நாம் அறிந்திருப்பது நல்லது. மூன்று எழுத்தில் வி.கே.எச். என்பார்கள்.

தோலுக்கும் கண்ணுக்கும் கறுப்பு நிறம் தரும் கலங்களை நோயெதிர்ப்புச் சக்தி தாக்குவதே வி.கே.எச். முதலில் கடும் தலையிடி, காதில் இரைச்சல், கழுத்து இறுக்கம். ஓரிரு கிழமைக்குள் இரண்டு கண்களிலும் பார்வை மங்கும். மாதங்கள் கழித்துத் தோலில் வெண்திட்டுக்கள் தோன்றும். கண்ணிமை மயிரும் தலைமயிரும் நரைக்கும். தொடக்கத்திலேயே கூடிய அளவு ஸ்ரெரோயிட் மருந்து கொடுத்து, மெல்ல மெல்லக் குறைத்து, மாதக்கணக்கில் தொடர்ந்தால் பெரும்பாலும் பார்வை திரும்பும். தலையிடியை 'மைக்கிரேன்' என்று எண்ணி நாட்களைக் கடத்தினாலோ, கண் தெளிந்தவுடன் குளிசையை நிறுத்தினாலோ நோய் நாட்பட்டதாகிவிடும்.

மதுரை ஆய்வு, ஏற்கனவே யப்பானியரிடம் அறியப்பட்டிருந்த எச்.எல்.ஏ.-டி.ஆர்.4 குடும்பத்து வடிவங்களே இந்திய நோயாளர்களிடமும் கூடுதலாக உள்ளன என்பதைக் காட்டியது. றூமற்றொயிட் மூட்டழற்சியுடன் தொடர்புடையதும் இதே டி.ஆர்.4 குடும்பம்தான். ஒரே வேலியின் வழியாக ஒருவரின் மூட்டிலும் இன்னொருவரின் கண்ணிலும் நோய் நுழையலாம் என்பதே இதன் பொருள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தோலில் வெண்திட்டு வந்தவரை எமது சமூகம் இன்னும் ஒருமாதிரிப் பார்க்கிறது. அது தொற்றாது, தொழுநோயும் அல்ல. வெண்திட்டை மறைப்பதற்காக வைத்தியரிடம் போகாமல் இருந்தால் இழக்கப்போவது கண்ணை.

மொன்றியலும் இந்தக் கதையில் உண்டு

இந்நோய்களில் பெரும்பாலானவை ஒரு மரபணுவால் வருவதில்லை. பல மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகப் பாரம் ஏற்றுகின்றன. 2006-இல் குரோன் குடல்நோய்க்கும் 'ஐ.எல்.23ஆர்' என்ற மரபணுவுக்கும் உள்ள தொடர்பு வெளியானது. அந்த ஆய்வுக்குழுவில் இருந்தவர்களில் ஒருவர் மொன்றியல் இதய நிறுவனத்தின் ஜோன் ரியூ. அடுத்த ஆண்டுகளில் அதே மரபணு முதுகெலும்பு அழற்சியிலும், வாய்ப்புண்ணும் கண் அழற்சியும் சேர்ந்துவரும் பெசெற் நோயிலும், 2014-இல் சீன நோயாளர்களின் வி.கே.எச். நோயிலும் தென்பட்டது. கண் வைத்தியர் வயிற்றைப் பற்றிக் கேட்பதும் இதனால்தான்.

ஒரே மரபணுவால் வரும் அரிதான வகையும் உண்டு. 'புளோ' நோய் என்பது என்.ஓ.டி.2 என்ற ஒரு மரபணுவிலுள்ள பிழையால் சிறு பிள்ளைகளுக்குத் தோல், மூட்டு, கண் மூன்றிலும் அழற்சியைத் தருவது. இது 2001-இல் கண்டறியப்பட்டது. இங்கே பிள்ளைக்குக் கடத்தப்படும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. பெரும்பாலும் நோயும் கூடவே வரும். இத்தகைய குடும்பங்களுக்கு மரபணு ஆலோசனை உண்மையிலேயே பயன்தரும்.

பிள்ளைகளின் கண் பேசாது

சிறு பிள்ளைகளுக்கு வரும் நாட்பட்ட மூட்டழற்சியுடன் சேரும் யுவியைற்றிஸ் பெற்றோரை ஏமாற்றக்கூடியது. கண் சிவக்காது, நோகாது, பிள்ளை முறையிடாது. பள்ளியில் கண் பார்க்கும்போது ஒரு கண்ணில் பார்வை குறைந்திருப்பதாகச் சொல்வார்கள், அப்போதுதான் தெரியவரும். ஆகவே ஒரு பிள்ளைக்கு முழங்காலோ கணுக்காலோ வீங்கி மூட்டழற்சி என்று சொல்லப்பட்டால், கண்ணில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் ஒழுங்காகக் கண் வைத்தியரிடம் காட்டவேண்டும். ஆபத்துக் கூடிய பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஸ்லிற் லாம்ப் எனப்படும் ஒளிக்கீற்று நுணுக்குக்காட்டியால் பார்ப்பார்கள். "பிள்ளை நல்லாத்தானே இருக்கிறான்" என்று அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.

எல்லாமே மரபணு அல்ல

1993-இன் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் வெள்ளம் வந்தது. அதன்பின் மதுரை அரவிந்துக்குக் கண் அழற்சியுடன் வந்தவர்களில் 73 பேருக்கு, எலிச்சிறுநீர் கலந்த தண்ணீரால் பரவும் லெப்ரொஸ்பைரா கிருமியே காரணம் என்று அங்கிருந்த வைத்தியர்கள் 1997-இல் எழுதினார்கள். காசநோயும் எமது நாடுகளில் கண் அழற்சிக்கு முக்கியமான காரணம்.

மொன்றியலில் இருக்கும் வைத்தியருக்கு இவை முதலில் நினைவுக்கு வராமற்போகலாம். நாம்தான் சொல்லவேண்டும். கடைசியாக எப்போது ஊருக்குப் போனோம்? வயலில், குளத்தில், வெள்ளத்தில் இறங்கினோமா? வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா? காசநோய் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல எம்மவர் கூச்சப்படுவதுண்டு. இந்த இடத்தில் கூச்சம் கண்ணுக்கு மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து. நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள், உடலில் உறங்கிக்கிடக்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடியவை. அதனால்தான் அவற்றைத் தொடங்குமுன் காசநோய்ச் சோதனை செய்கிறார்கள்.

பெட்டியில் வந்த போத்தல்

முதலில் சொன்ன கண்மருந்துப் போத்தலுக்குத் திரும்புவோம். ஊரிலுள்ள பாமசிகளில் எளிதாகக் கிடைக்கும் துளிமருந்துகள் சிலவற்றில் ஸ்ரெரோயிட் கலந்திருக்கும். விட்டவுடன் சிவப்பு மாறும். அதனால் நல்ல மருந்து என்ற பெயர். ஆனால் வைத்தியர் பார்க்காமல் தொடர்ந்து விட்டால் கண்ணமுக்கம் ஏறிக் குளுக்கோமா வரலாம், வெண்புரை வரலாம், வைரஸ் தொற்றாக இருந்தால் கண்ணின் முற்படலமே புண்ணாகலாம். யுவியைற்றிஸுக்கு வைத்தியர் தருவதும் பெரும்பாலும் ஸ்ரெரோயிட் துளிதான். ஆனால் எவ்வளவு, எத்தனை நாள், எப்படிக் குறைப்பது என்பதை அவர் கண்ணின் உள்ளே பார்த்து முடிவு செய்கிறார். ஒருவருக்குத் தந்த போத்தலை மற்றவர் பாவிக்கவேண்டாம். தாய்ப்பாலும் பூச்சாறும் கண்ணுக்குள் வேண்டாம். அவற்றால் கிருமி சேரலாம்.

துளிமருந்து போதாதவர்களுக்கு மெதொற்றெக்சேற், மைக்கோபினோலேற் போன்ற குளிசைகள் உண்டு. இவ்விரண்டில் எது சிறந்தது என்று ஐந்து நாடுகளில் 216 நோயாளர்களை வைத்துச் செய்த ஒப்பீடு 2019-இல் வெளியானது. அதன் முதல் ஆசிரியரும் மதுரையின் வைத்தியர் ரத்தினமே. ஆறு மாதத்தில் மெதொற்றெக்சேற் எடுத்தவர்களில் 100-க்கு 67 பேருக்கும், மற்றதை எடுத்தவர்களில் 57 பேருக்கும் நோய் கட்டுப்பட்டது. மைக்கோபினோலேற் அதைவிடச் சிறந்ததல்ல என்பதே முடிவு. விலை குறைந்த பழைய மருந்தே போதுமானதாக இருப்பது ஊரிலுள்ள எமது உறவினருக்கும் நல்ல செய்தி. ஒரு முக்கிய எச்சரிக்கை: கண் அழற்சிக்கு மெதொற்றெக்சேற் கிழமைக்கு ஒருமுறை எடுப்பது, தினமும் அல்ல. கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பமாக விரும்புபவர்களும் அதை எடுக்கக்கூடாது. இவற்றுக்கும் அடங்காத அழற்சிக்கு அடலிமுமாப் என்ற ஊசிமருந்து இருக்கிறது. மூட்டழற்சியுடன் யுவியைற்றிஸ் வந்த 90 பிள்ளைகளிடம் அது நன்கு வேலை செய்ததைப் பிரித்தானிய ஆய்வொன்று 2017-இல் காட்டியது.

சோதனை, திருமணம், காப்புறுதி

நோயுள்ளவருக்கு பி27 சோதனை செய்வது வைத்தியருக்கு உதவும். நோயில்லாத பிள்ளைகளுக்கு 'எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுவோம்' என்று செய்வதில் பயனில்லை. இருக்கிறது என்று வந்தாலும் தடுப்பதற்கு மருந்தில்லை, பயம்தான் மிஞ்சும். ஐரோப்பியரில் 100-க்கு ஏழு பேரளவில் கொண்டிருக்கும் ஏ29 என்ற வடிவம் இதற்கு நல்ல உதாரணம். 'பேர்ட்ஷொட்' என்ற மிக அரிதான கண்நோய் உள்ள ஏறக்குறைய எல்லோரிடமும் ஏ29 இருக்கிறது. ஆனால் ஏ29 உள்ளவர்களில் மிகமிகச் சிலருக்கே அந்த நோய் வருகிறது.

"வெளியே தெரிந்தால் பிள்ளையின் கலியாணம் என்னாவது?" என்ற அச்சம் எமக்குத் தெரியாததல்ல. இந்த மரபணுக்கள் இலட்சக்கணக்கான நலமான மனிதரிடமும் உள்ளன என்பதே அதற்கு விடை. மறைக்கவேண்டியது என்று ஒன்றுமில்லை. மறைத்தால், தமையனுக்கு வந்தபோது தெரிந்த அடையாளம் தங்கைக்கு வரும்போது தெரியாமற்போகும். அவள் பிந்தி வைத்தியரிடம் போவாள்.

காப்புறுதி பற்றியும் ஒரு வார்த்தை. 2017-இல் வந்த கனடிய மரபணுப் பாகுபாடு தடுப்புச் சட்டத்தின்படி, மரபணுச் சோதனை செய்யும்படியோ அதன் முடிவைக் காட்டும்படியோ எந்த நிறுவனமும் ஒப்பந்தத்துக்கு நிபந்தனை விதிக்க முடியாது. கியூபெக் அரசு இச்சட்டத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது. கியூபெக் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் அது செல்லாது என்றது. ஆனால் கனடிய உச்ச நீதிமன்றம் 2020 யூலை 10-ஆம் திகதி, ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒன்றை நினைவில் வையுங்கள்: ஏற்கனவே உள்ள நோயையும் குடும்ப வைத்திய வரலாற்றையும் காப்புறுதிக்காரர் கேட்கலாம். அதற்கு உண்மையைத்தான் சொல்லவேண்டும்.

மொன்றியலில் என்ன செய்வது?

கண் சிவந்து, நொந்து, வெளிச்சம் கூசி, பார்வையும் மங்கினால் அன்றைக்கே காட்டவேண்டும். கிழமை முடியட்டும் என்று இருக்கவேண்டாம். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 811 இலக்கத்துக்கு அழையுங்கள். தாதி ஒருவர் வழிகாட்டுவார். அருகிலுள்ள ஒப்டோமெற்றிஸ்ற் கண்ணின் உள்ளே பார்த்து, கண் வைத்தியரிடம் அவசரமாக அனுப்பக்கூடியவர். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 65-உம் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் அவரது கண் பரிசோதனைக்குக் கியூபெக் சுகாதாரக் காப்புறுதி பணம் கொடுக்கிறது. மெசொன்னவ்-ரோஸ்மொன் வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலைகளில் கண் மருத்துவத்துக்கென்றே பிரிவுகள் உள்ளன. மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கவேண்டாம்.

போகும்போது ஒரு தாளில் ஐந்து விடயங்களை எழுதிக்கொண்டு போங்கள்: இதற்கு முன் எத்தனை முறை, எந்தக் கண்ணில் வந்தது, முதுகு, மூட்டு, தோல், வயிறு, வாய்ப்புண் பற்றிய முறைப்பாடுகள், குடும்பத்தில் யாருக்கு என்ன வருத்தம், ஊருக்குப் போன காலமும் காசநோய்த் தொடர்பும், இதுவரை விட்ட துளிமருந்தின் பெயர். அந்தப் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். புகைப்பவர்கள் அதை விடுவதற்கு இது இன்னொரு காரணம்; புகைப்பவர்களிடம் யுவியைற்றிஸ் கூடுதலாகக் காணப்படுகிறது.

பெற்றோரிடமிருந்து வரும் மரபணுவை நாம் தெரிவுசெய்ய முடியாது. ஆனால் அது தலையெழுத்தும் அல்ல. கவனமாக இருக்கச் சொல்லும் ஒரு முன்னறிவித்தல் மட்டுமே. அடுத்த முறை ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது, அப்பப்பாவுக்கு ஏன் கண் தெரியாமற்போனது, பெரியப்பாவின் முதுகு ஏன் அப்படிக் குனிந்தது என்று ஒருமுறை கேட்டு எழுதி வையுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் பெறாமக்களுக்கும் அந்த ஒரு தாள் பயன்படும்.